என் பெயரில் போட்ட சோறு

1

ஊரில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. என் அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பத்து மாதமாக இருக்கிறார். தம்பியோடு உன்னிச்சையில் இருக்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது பொய்.

இந்தப் பொய் ஒரு படத்தால் உடைந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கனடாவில் இருக்கும் பள்ளித் தோழி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: “இஞ்ச பாரு, இது உன்ட அம்மா தானே புள்ள?”

லண்டனில் யாரோ ஒரு பிள்ளைக்கு ஐந்தாவது பிறந்தநாள். பெரிய பெனர் துணியில் அந்தப் பிள்ளை இளவரசி உடுப்பில் நிற்கிறது. பெனரின் கீழே இரண்டு வரிசையாக வயதானவர்கள், கையில் சோற்றுத் தட்டு. இரண்டாம் வரிசையில் இடப்பக்கமிருந்து மூன்றாவது ஆள் என் அம்மா. ‘கொஞ்சம் பிடி, வாறன்’ என்று யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தார். கமராவைப் பார்க்கவில்லை. சோற்றையும் பார்க்கவில்லை.

முகநூலில் அந்தப் படத்துக்குக் கீழே கும்பிடும் கைகள், இதயங்கள். புண்ணியம் சேரட்டும் என்று ஒருவர் வாழ்த்தியிருந்தார். அதற்குக் கீழே நம் தேற்றாத்தீவு ஆட்கள் இரண்டு பேர். ‘இந்த மனுசிட மகள் சுவிஸ்லதானே?’ என்று ஒருவர். ‘ஓம், அங்க காசு காய்க்குது, இங்க தாய் தட்டேந்துறா’ என்று மற்றவர்.

இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன். வீட்டுக்கு வந்து சமைத்தேன், குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினேன், யன்னல் துடைத்தேன். கோபம் வந்தால் நான் வேலை செய்வேன். அழுகை அதற்குப் பிறகுதான் வரும்.

2

யாழ்ப்பாணத்து ஆட்கள் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கிழக்குப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. தாய் தன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் மகளோடு இருந்து கண்ணை மூடுவார். ஆண் பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அது அவன் மாமியாரின் வீடு. அவனைப் பெற்றவள் அங்கே ஒரு நாள் விருந்துக்குப் போகலாம். இருக்கப் போக முடியாது. போனால் ஊர் சிரிக்கும் என்பது ஒரு பக்கம். போகிற தாய்க்கே அந்தச் சோறு தொண்டையில் இறங்காது.

அம்மாவுக்கு நான் ஒரே மகள். வீட்டை எனக்குத்தான் எழுதினார். எழுதி இரண்டு வருடத்தில் நானும் கணவரும் சுவிஸுக்கு வந்துவிட்டோம். அந்த யுத்த நேரம் ஊரில் ஏன் இருக்க முடியவில்லை என்று உங்களுக்குத் தெரியும், அதை நான் விளங்கப்படுத்தப் போவதில்லை. ஆனால் பிறகு போயிருக்கலாம். போகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம், பிறகு வீட்டுக் கடன், பிறகு கணவரின் நோய், அவர் சாவு. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது, எல்லாக் காரணமும் உண்மையானது. அம்மா என் வீட்டுக்குக் காவல் இருந்தார்.

போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சை செய்து, நடப்பதற்குக் கைச்சட்டம் கொடுத்தார்கள். வீட்டோடு நின்று பார்ப்பதற்கு ஒரு பெண்ணைப் பிடித்தோம். நல்ல பெண். நாலு மாதத்தில் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் விட்டுவிட்டுத்தானே வந்தேன். அடுத்து வந்தவள் பகல் முழுக்கப் போனில் படம் பார்த்தாள். அம்மா நனைந்த சேலையோடு கிடந்தார்.

இங்கே கூப்பிட விசாவுக்குப் போட்டேன். உங்கள் தாய் திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லை என்று கடிதம் வந்தது. என் மகள் அதைச் சத்தமாக வாசித்து மொழிபெயர்த்தாள். அதில் பிழை ஒன்றும் இல்லை. நானே அவரைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

தம்பியிடம் கேட்டேன். அவன் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், உன்னிச்சையில் பெண் எடுத்தவன், விவசாயம்.

“நான் கூப்பிட்டனான் அக்கா. சம்மந்தி வீட்டுல போய்க் கிடக்க நான் என்ன கெட்டா போயிட்டன் எண்டு கேக்கா.”

“உன்ட வீடுதானேடா.”

“என்ட வீடா? அந்த வீட்டுல என்ட எண்டு சொல்ல நான் போடுற ரெண்டு சேட்டுத்தான் இருக்கு. மாமி தன்ட அறைய விட்டுட்டு எங்க போய்ப் படுக்கிற? அம்மா உனக்குத்தானே வீட்டக் குடுத்த? நான் கேட்டனா?”

கேட்கவில்லை. அவன் ஒருநாளும் கேட்கவில்லை.

மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனேன். வாவிக்கரையோரம் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அதில் ஆதரவில்லாதவர்களைச் சும்மாவும் மற்றவர்களைக் காசுக்கும் எடுத்தார்கள். எந்த வகைக்கும் விண்ணப்பம் ஒன்றுதான். பராமரிக்க உறவினர் எவருமில்லை என்று கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். அவரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“புள்ளைகள் எத்தன?”

“ரெண்டு.”

“ரெண்டு பேரும் உயிரோடதானே?”

“ஒண்டு முன்னால நிக்குது, தெரியல்லயா?”

“அதத்தான் நானும் சொல்றன் தங்கச்சி. நீங்க முன்னால நிக்கக்க ஒருத்தருமில்ல எண்டு நான் எப்பிடி எழுதுற?”

“அடுத்த கிழமை போயிருவன்.”

“அப்ப அடுத்த கிழமைதான் இது உண்மை. அப்ப வந்து கேக்க ஆளிருக்காது.” கொஞ்ச நேரம் பேனையை உருட்டினார். பிறகு அந்த வரியை வெட்டிவிட்டு, பிள்ளைகள் தூரத்தில் வசிப்பதால் பராமரிக்க இயலாத நிலை என்று எழுதி முத்திரை குத்தினார். தூரம் எவ்வளவு என்று எழுத அதில் இடமில்லை.

அம்மாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. மருந்துக்குக் கூட்டிப்போகிறேன், இரண்டு கிழமையில் வரலாம் என்றெல்லாம் சொல்லி வண்டியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் நேரே சொன்னேன். அம்மா ஒரு கேள்விதான் கேட்டார்.

“காசு கட்டியா, சும்மாவா?”

“காசு கட்டித்தான்.”

“அப்ப வாறன்,” என்றார். சேலை மாற்றிக்கொண்டு தானாகவே ஓட்டோவுக்கு நடந்தார்.

அந்தக் காசு இங்கே என்னுடைய ஒரு நாள் சம்பளம். மாதத்தில் ஒரு நாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

3

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறேன். சமையல்காரி இல்லை, உதவி. விழுங்க முடியாதவர்களுக்கு உணவை அரைத்துக் கொடுப்பது என் பகுதி. கரட்டை அவித்து, அரைத்து, இறுக வைக்கும் மா சேர்த்து, கரட் மாதிரியே இருக்கும் அச்சில் ஊற்றித் திரும்பவும் கரட் ஆக்குவேன். தட்டில் வைத்தால் முழுக் கரட் போலவே இருக்கும், கரண்டி பட்டால் குழையும். கஞ்சியாகக் கொடுத்தால் அவர்கள் தின்ன மாட்டார்கள். தின்கிற பொருளுக்கு முகம் இருக்க வேண்டும் என்று எங்கள் தலைமைச் சமையல்காரர் சொல்வார். தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவி ஒருத்தி தட்டைத் திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்டு எழுதிவைக்க எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது.

அம்மாவை இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்து வேலைக்குப் போன முதல்நாள், கூட வேலை செய்கிறவளிடம் சொன்னேன். எனக்கு வருகிற டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “இடம் கிடைத்ததே, எவ்வளவு நல்லது,” என்றாள். இங்கே அது நல்ல செய்தி. நானும் நன்றி சொன்னேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா இருக்கிற அதே இல்லத்துக்கு நான் வருடக்கணக்காகச் சாப்பாடு கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு, கணவரின் திவசத்துக்கு. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான்: காசு அனுப்பினால் அவர்கள் சமைப்பார்கள், பெனர் அடித்துக் கட்டுவார்கள், முதியவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புவார்கள். மகளின் பதினாறாவது பிறந்தநாளுக்கு வந்த படத்தில் ஒரு மனுசி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். படம் வடிவில்லை, வேறு ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்று நான் செய்தி போட்டேன். அரை மணித்தியாலத்தில் வேறு படம் வந்தது. அந்த மனுசி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது. அந்தச் சோறு ஆறியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

4

கனடாத் தோழி படம் அனுப்பிய மறுநாள் இல்லத்துக்குப் போன் எடுத்தேன். வசந்தி என்று ஒரு பெண் அங்கே அம்மாவைப் பார்க்கிறாள். நாற்பது வயதிருக்கும், வந்தாறுமூலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள்.

“படத்த விடுங்க அக்கா. வேற ஒண்டு நான் சொல்லோணும் எண்டுதான் இருந்த. அம்மா மத்தியானச் சோறு தின்னுறல்ல. காலம புட்டுத் தின்னுவா, ராவைக்கு இடியப்பம் ரெண்டு. மத்தியானம் தட்ட வாங்குவா, படம் புடிச்சி முடியிற மட்டும் வெச்சிருப்பா, மறுகா பக்கத்து ஆளுட தட்டுல கொட்டிருவா.”

“எவ்வளவு நாளா?”

“வந்த மாசம் தின்ன. அப்ப அவவுக்கு விஷயம் விளங்கல்ல.”

அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

“ஏனம்மா சோறு தின்னுறல்ல?”

“ஆருட சோறு எண்டு தெரியாம எப்பிடித் தின்னுற?”

“இல்லத்துச் சோறுதானே.”

“இல்லத்துச் சோறு இல்ல மனே. நேத்து ஏறாவூர்ல செத்த ஒரு மனுசன்ட சோறு. முந்தநாள் கனடாவில ஆரோ கல்யாணம் முடிச்சி இருவத்தஞ்சி வருசமாம். இண்டைக்கு ஒரு புள்ளைக்குப் பொறந்தநாள். நிண்டு கும்பிட்டு, படம் புடிச்சி, மறுகாத்தான் வாயில வெக்கலாம். நான் ஆருட்டயும் கை நீட்டினனா?”

“நாம காசு கட்டித்தானே இருக்கம்.”

“அதத்தான் நானும் கேக்கன். காசு கட்டி இருக்கக்க எனக்கு என்னத்துக்குத் தானச் சோறு?”

அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் குளிசை போட்டுவிட்டு மத்தியானம் வெறும் வயிற்றோடு இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த கிழமை கை கழுவுகிற பைப்பின் பக்கத்தில் மயங்கி விழுந்தார். நெற்றியில் காயம்.

இல்லத்துப் பொறுப்பாளர் எனக்கு எடுத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனுசி. ஆனால் கணக்கு அவருக்கும் இருக்கிறது.

“நீங்க கட்டுற காசு பிள்ளை, மருந்துக்கும் வேலை செய்யிற ஆக்கள்ட சம்பளத்துக்கும் கரண்டுக்கும் போயிரும். மத்தியானச் சாப்பாடு இப்பிடிக் குடுக்கிற ஆக்களாலதான் ஓடுது. ஒரு ஆளுக்கெண்டு தனி உலை வெக்க ஏலாது. ஒருத்தருக்கு வெச்சா நாப்பது பேரும் கேப்பாங்க.”

“நான் காசு கூடத் தாறன்.”

“காசில்ல பிரச்சினை. அவ சாப்பிடாம ஏதும் நடந்தா நாங்கதான் பதில் சொல்லோணும். ஒரு மாசம் பாப்பம். அதுக்குள்ள சரிவராட்டி வந்து கூட்டிக்கொண்டு போங்க.”

கூட்டிக்கொண்டு எங்கே போவது? என் பெயரில் இருக்கிற வீட்டைத் திறந்து உள்ளே இருத்திவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு வருவதா? வேறு இரண்டு இடத்துக்கு எடுத்துக் கேட்டேன். ஒன்றில் இடமில்லை. மற்றதிலும் இதே பெனர், இதே வரிசை.

எல்லா நாளும் நானே சாப்பாடு கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். நாற்பது பேருக்கு, மாதம் முப்பது நாளும். என் சம்பளத்தில் வாடகைக்கு மிச்சம் வராது.

தம்பி மூன்று கிழமை ஓடினான். ஒருநாள் விட்டு ஒருநாள் உன்னிச்சையிலிருந்து மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பார்சல் கொண்டுபோனான். மருமகள் கட்டிக் கொடுத்தது என்று சொன்னால் அம்மா தின்றார். பிறகு நெல் வெட்டுக் காலம் வந்தது.

“அக்கா, வட்டைக்குள்ள மெசின் வந்து நிக்குது. ஒரு நாள் விட்டா அடுத்த ஆளுட வயலுக்குப் போயிரும். நான் நெல்லப் பாக்கிறதா, பார்சலக் கொண்டு ஓடுறதா?”

“பெத்த தாய்டா.”

“எனக்கு மட்டுமா பெத்தவ? வீட்டையும் எடுத்துக்கிட்டு, அங்க இருந்து எனக்குப் பாடம் நடத்தாத.”

போனை வைத்தேன். பக்கத்து அறையிலிருந்து என் மகள் வந்தாள். இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பாதி டொச், பாதி தமிழ்.

“ஏன் கத்துறீங்க? அம்மம்மாக்குப் பசிச்சாச் சாப்பிடுவாதானே.”

“அவ சாப்பிட மாட்டா. அது உனக்கு விளங்காது.”

“விளங்கப்படுத்துங்க.”

முயன்றேன். தானம் என்ற சொல்லுக்கு டொச்சில் என்ன சொல்வது என்று தேடியபோது, கொடுப்பது நல்லதுதானே என்று கேட்டாள். நல்லதுதான். வாங்குகிற பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல எனக்கு இரண்டு மொழியிலும் வரவில்லை. கடைசியில் அவள் என் தோளில் கை வைத்து, “நீங்க வயசானா நான் நல்ல இடமாப் பாக்கிறன் அம்மா, சாப்பாடு நல்லா இருக்கிற இடமா,” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை.

5

பொறுப்பாளர் தந்த மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது வசந்தி எடுத்தாள்.

“அக்கா, ஒரு களவு வேலை செஞ்சிட்டன். ஏசாதீங்க.”

“என்ன?”

“இண்டைக்குச் சோத்தக் கொண்டு வெச்சிட்டு, இது உங்கட மகள் தந்த சாப்பாடு எண்டு சொல்லிட்டன்.”

“அம்மா என்ன சொன்ன?”

“‘எல்லாருக்குமா?’ எண்டு கேட்டா. ஓம், எல்லாருக்கும்தான் எண்டன். உடன ஒழும்பிட்டா அக்கா. அந்தக் கைச்சட்டத்தப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு ஆளுட தட்டா எட்டிப் பாத்துக்கிட்டுப் போறா. இந்த ஆளுக்குப் பருப்புக் காணாது, அந்த ஆளுக்கு அப்பளம் வரல்ல எண்டு எனக்கு ஓடர் போடுறா. எல்லாரும் திண்டு கை கழுவினாப் பிறகுதான் இருந்தா. முழுத் தட்டும் திண்டா.”

நம் ஊரில் சாப்பாடு கொடுக்கிற வீட்டுக்காரர் கடைசியாகத்தான் உட்காருவார். அம்மா அதைத்தான் செய்திருக்கிறார்.

“மத்த ஆக்கள் ஒண்டும் சொல்லல்லயா?”

“ஒரு ஆச்சி மட்டும், ‘ஆ, இண்டைக்குச் சுவிஸ் அரிசியா, அதான் வேகல்ல’ எண்டு நக்கலடிச்சா. நான் கண்ணக் காட்டினன். மறுகா வாயத் துறக்கல்ல. எல்லாருக்கும் தெரியும் அக்கா. ஒருத்தரும் சொல்றல்ல.”

நான் ஆளின் முகத்துக்கு நேரே சொல்கிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர். சபையில் மாமனாரையே எதிர்த்துக் கதைத்தவள். அன்றைக்கு வசந்தியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “நாளைக்கும் சொல்லு.”

நாளைக்கும் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அம்மா தின்கிறார், அதனால் கண்டும் காணாததுபோல் விட்டார். படம் எடுக்கிற நேரம் மட்டும் வசந்தி அம்மாவைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கறியில் உப்புப் பார்க்கச் சொல்வாளாம். அம்மாவுக்கு மறதி வியாதி இல்லை. கண் நன்றாகத் தெரியும், பெனரில் இருக்கிற எழுத்தையும் வாசிப்பார். அவருக்கு எப்படி விளங்காமல் இருக்கும் என்று கேட்டேன். “அவ அந்தப் பக்கம் பாக்கிறல்ல அக்கா,” என்றாள் வசந்தி.

ஒருநாள் காத்தான்குடியிலிருந்து ஒருவர் வந்தார். துணிக்கடை வைத்திருப்பவர். தன் உம்மா இறந்த நாளுக்கு வருடா வருடம் புரியாணி கொண்டுவந்து இறக்குகிறவர். பெனர் கிடையாது, படம் கிடையாது. அவருடைய வான் வந்து நின்றபோது வசந்தி உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா கைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

“வாங்க தம்பி, இருங்க. சாப்பிட்டுத்தான் போகோணும். இண்டைக்கு என்ட மகள்ட சாப்பாடு.”

வசந்தி ஓடிவந்தபோது அந்த மனிதர் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாராம். வசந்தியின் முகத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“அப்பிடியாம்மா? நல்ல மகள். நான் கொண்டு வந்து இறக்குற ஆள்தான்.”

“இறக்குற ஆளுக்கும் பசிக்கும்தானே. உள்ளுக்கு வாங்க.”

அவர் வந்து இருந்தார். தான் கொண்டுவந்த புரியாணியை, என் அம்மாவின் விருந்தாளியாக இருந்து தின்றார். அம்மா பக்கத்தில் நின்று, இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னாராம். போகும்போது வசந்தி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். “எங்கட உம்மாட பேரு அல்லாஹ்வுக்குத் தெரியும், அது போதும்,” என்றிருக்கிறார் அவர். “இந்த அம்மாட கணக்கிலயே இரிக்கட்டும்.”

இதைக் கேட்டபோது நான் வேலைக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்றேன். படம் வடிவில்லை என்று அன்றைக்குச் செய்தி போட்ட அதே கையில்தான் போன் இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

6

இப்போது அம்மா தின்கிறார். நெற்றிக் காயம் ஆறிவிட்டது. கூட்டிக்கொண்டு போங்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஊரில் கதைப்பவர்கள் கதைக்கட்டும். தாய் தட்டேந்துகிறார் என்று எழுதியவரின் தாயும் இருக்கிறார், அவரைப் பார்ப்பது யார் என்றும் எனக்குத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை.

ஆனால் போன மாதம் அம்மா புதிதாக ஒன்று தொடங்கினார்.

“மனே, ஒவ்வொரு நாளும் குடுக்கிறாய், நல்லம். காசு அனுப்பினாப் போதுமா? தாற ஆள் வந்து தன்ட கையால ஒரு அகப்பையாவது போடோணும். ஆக்கள் என்னட்டக் கேக்காங்க.”

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“லீவு இல்லம்மா.”

“ஒரு நாளைக்கு வா.”

“அடுத்த வருசம் பாப்பம்.”

போகலாம். டிக்கட்டுக்குக் காசு இருக்கிறது, கேட்டால் பத்து நாள் லீவும் தருவார்கள். ஆனால் போனால் திரும்பி வர வேண்டும். போன முறை அந்த வாசலைத் தாண்டி வரும்போது அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் என்னால் வர முடிந்தது. இந்த முறை சாப்பாடு கொடுக்கிற ஆளை வழியனுப்ப வாசல்வரை வருவார். என்னால் ஏலாது. இதுதான் உண்மையான காரணம், மற்றதெல்லாம் சாட்டு.

இரண்டு நாள் அம்மா திரும்பவும் தின்னவில்லை. தந்த ஆள் இல்லாமல் தான் எப்படி உட்காருவது என்று கேட்டாராம். வசந்திதான் வழி சொன்னாள். அங்கே எல்லாரும் தின்று முடிக்கிற நேரம் இங்கே எனக்குக் காலை இடைவேளை. குசினிக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் இருக்கிற இடத்தில் நின்று வீடியோ கோல் எடுக்கிறேன். வசந்தி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைப்பாள். அம்மா என்னைப் பார்த்து, “ஆக்கள் எல்லாம் திண்டாங்க. ஒருத்தருக்கும் குறையில்ல,” என்று சொல்வார். நான், “சரி, இனி நீங்க சாப்பிடுங்க,” என்பேன். அந்தச் சொல் வந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

இன்றைக்கு யாருடைய சாப்பாடு என்று நான் கேட்பதில்லை. ஒருநாள் கத்தரிக்காய், ஒருநாள் மீன். அம்மா மெதுவாகத் தின்கிறவர். ஒவ்வொரு பிடியையும் உருட்டி, பார்த்து, வாயில் வைப்பார். நடுவில் கறியைப் பற்றிச் சொல்வார், சமைத்தவளைப் பற்றிக் குறை சொல்வார், இன்னும் கொஞ்சம் நல்ல அரிசி வாங்கச் சொல் என்பார். நான் சரி என்பேன்.

எனக்கு இடைவேளை பதினைந்து நிமிடம். அதற்குள் அம்மா பாதித் தட்டுத்தான் தின்றிருப்பார்.

“வேலைக்குக் கூப்பிடுறாங்கம்மா, வைக்கிறன்.”

“வை, வை. குடுக்கிற ஆளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.”

வைத்துவிட்டு உள்ளே போகிறேன். மிச்சப் பாதியைத் தின்றாரா என்று நான் வசந்தியிடம் ஒருநாளும் கேட்டதில்லை.